அம்லோடிபின் 10 ஆனதிலிருந்து அம்மாவுக்குக் கால் வீக்கம்

சிப்புட்காரி:
அம்மாவுக்கு வயது 68. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், இப்போது என்னோடு தாமான் வீட்டில் இருக்கிறார். ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார். போன தடவை அரசாங்கக் கிளினிக்கில் மேல் அளவு 160ஐத் தாண்டியதால் 10 ஆக்கிவிட்டார்கள். அதிலிருந்து சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் வீங்குகிறது, அமுக்கினால் குழி விழுகிறது. காலையில் பாதி வற்றிவிடும். பக்கத்து வீட்டு அக்கா "கிட்னி போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அம்மா மாத்திரையைத் தொட மாட்டேன் என்கிறார். அடுத்த அப்பாய்ன்மென்ட் தீபாவளிக்குப் பிறகுதான். நிறுத்தலாமா?

லூனாஸ் தம்பி:
பூனைமீசை இலையைக் காய்ச்சிக் கொடுங்கள் அக்கா. நீர் நன்றாகப் பிரியும், வீக்கம் வடிந்துவிடும்.

பழைய டிரெஸ்ஸர்:
தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நீங்களாக நிறுத்த வேண்டாம்மா. நிறுத்தினால் கால் வற்றும், கொதிப்பு ஏறும். இந்த மாத்திரைக்கு இந்த வீக்கம் மிகவும் சகஜம். 5ஐ விட 10இல் அதிகம், பெண்களுக்கு இன்னும் அதிகம். மருந்து சின்னத் தமனிகளைத் தளர்த்தி விரிக்கிறது. ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை. வரத்து தாராளம், போகிற வழி பழையபடி குறுகல். நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் சதைக்குள் கசிகிறது. நாள் முழுக்க நின்று நடப்பவருக்கு அது கணுக்காலில் வந்து தங்கும். உடம்பில் நீர் மிஞ்சிப்போய் வருகிற வீக்கம் இல்லை இது. அதனால்தான் நீர் மாத்திரைகூட இதற்குப் பெரிதாக உதவாது. பூனைமீசையும் அப்படித்தான், தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

டாக்டர் பெரும்பாலும் 5க்கு இறக்கி, கூடவே பெரிண்டோபிரில் அல்லது லோசார்ட்டான் என்ற வேறு கொதிப்பு மாத்திரையைச் சேர்ப்பார். அவை சிரைகளையும் விரிப்பதால் வீக்கம் குறையும். கிட்னி சந்தேகத்தை ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையில் தீர்த்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியதில்லை. ஒரே கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, காலையில் முகம் ஊதியிருந்தாலோ அது வேறு கதை. அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொன்று. முட்டிவலிக்குக் கடையில் ஏதாவது வாங்கிச் சாப்பிடுகிறாரா? பால் வெட்டிய கால் ஆயிற்றே, அதனால் கேட்கிறேன். டைக்லோஃபெனாக் மாதிரியானவை கொதிப்பையும் ஏற்றும், நீரையும் தேக்கும். 160 ஆனதற்கே அது காரணமாக இருக்கலாம்.

சிப்புட்காரி:
அண்ணே, நீங்கள் சொன்ன அதே மாத்திரை, பிஸ்கட் டின்னுக்குள் அட்டை அட்டையாக இருக்கிறது! கேட்டால் "அது வலிக்குத்தானே, கொதிப்புக்கு இல்லையே" என்கிறார். கிளினிக்கிலும் சொல்லவில்லையாம். பெரிண்டோபிரில் சாப்பிட்டால் இருமல் வரும் என்கிறார்களே, நிஜமா?

பாகான் டத்தோ அக்கா:
எல்லாருக்கும் வராது. எனக்கு வந்தது. சளியே இல்லாத வறட்டு இருமல், தொண்டைக்குள் இறகு விட்ட மாதிரி. ராத்திரியில் வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவார். ஒரு தனியார் கிளினிக்கில் இருமல் மருந்தாகவே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. பிராடிகைனின் என்ற பொருள் உடம்பில் சேர்வதால் வருகிறது என்று அரசாங்கக் கிளினிக் டாக்டர்தான் சொல்லி, லோசார்ட்டானுக்கு மாற்றினார். சில வாரத்தில் நின்றுவிட்டது. ஆனால் பெரிண்டோபிரில் சாப்பிட்டு உதடோ நாக்கோ வீங்கினால் காத்திருக்கக் கூடாது, நேரே எமர்ஜென்சி.

பழைய டிரெஸ்ஸர்:
அக்கா சொன்னது சரி. கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அம்லோடிபினோடு சேரும்போது அது 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஈறு தடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அபூர்வமாக இந்த மாத்திரையால் அப்படியும் வரும். தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம், பிஸ்கட் டின்னை அப்படியே எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். டாக்டர் வரிசை நீளமாக இருந்தால் முதலில் மருந்து கவுண்டரில் இருக்கும் பார்மசிஸ்டிடம் டின்னைத் திறந்து காட்டுங்கள்.

சிப்புட்காரி:
திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டேன். டின் என் பையில் இருக்கிறது, அம்மாவுக்குத் தெரியாது.