கணிதக் கலைச்சொற்களில் ஹைபன் போடலாமா?

நிரைநிரல்:
பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் ‘பூச்சியமற்ற கோவை அணி’ என்று வருகிறது. ‘பூச்சியமற்ற’ என்பது கோவைக்கு (அணியிலிருந்து கணக்கிடும் ‘அணிக்கோவை’ என்ற ஒற்றை எண்ணுக்கு) அடை, அணிக்கு (நிரை நிரலாக அடுக்கிய எண்களுக்கு) அல்ல. ஆனால் படிக்கிறவர்கள் பலர் ‘பூச்சியம் இல்லாத அணி’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் நிரை 1, 2. இரண்டாம் நிரை 2, 4. இந்த அணியில் ஓர் உறுப்புகூடப் பூச்சியம் இல்லை. அணிக்கோவையோ 1×4 − 2×2 = 0, அதனால் நேர்மாறு கிடையாது. ‘பூச்சியமற்ற-கோவை அணி’ என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது. கூட்டுச்சொல் அடையாக வரும் இடமெல்லாம் ஹைபன் போடுவதை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

வல்லொற்று:
விதியாக்கினால் முதலில் அடிபடுவது சந்திதான். ‘இருபடிச் சமன்பாட்டுத் தீர்வு’ என்பதில் ஹைபன் எங்கே? ‘இருபடி-சமன்பாட்டு’ என்றால் ஒற்று போச்சு. ‘இருபடிச்-சமன்பாட்டு’ என்றால் ச் அந்தரத்தில் தொங்குகிறது. இவை சேர்ந்து வரும் சொற்கள் என்று காட்டுவதே அந்த ஒற்றின் வேலை. அதற்கு மேல் கோடு எதற்கு?
உங்கள் உதாரணத்தையே ‘கோவை பூச்சியமாகாத அணி’ என்று மாற்றிப் பாருங்கள். வாயால் சொன்னாலும் புரியும். ஹைபனை வகுப்பில் யாரும் உச்சரிப்பதில்லை.

நிரைநிரல்:
ஒற்று மிகுவது க, ச, த, ப வரிசைகளுக்கு முன்னால் மட்டும்தானே? ‘இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு’ என்பதில் வகரத்துக்கு முன் என்ன மிகும்? வரிசை 2 உடைய (இரண்டாம் வகைக்கெழு வரை வரும்) சமன்பாடா, பக்கத்தில் இரண்டாவது வரிசையில் இருக்கும் சமன்பாடா? ‘இரண்டாம்-வரிசை’ என்றால் கேள்விக்கே இடமில்லை.

வல்லொற்று:
‘வரிசை 2 உடைய’ என்று நீங்களே தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள், அதையே எழுதலாம். இல்லையென்றால் சேர்த்து எழுதுங்கள். ‘நேர்மாறு அணி’ வேறு, ‘நேர் மாறல்’ வேறு. முன்னது, மூல அணியோடு பெருக்கினால் அலகு அணி தருவது. பின்னது, ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிப்பது. உங்கள் விதியை நம்பி ஒருவர் ‘நேர்-மாறு அணி’ என்று போட்டால், ஒரே சொல்லாக நிலைத்துவிட்டது இரண்டாக உடைந்துபோகும்.

பக்கவடிவமைப்பு:
சேர்த்து எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘நேரியல் அல்லாத’ என்பதை ‘நேரியலல்லாத’ என்று சேர்த்தால், அடுத்த உயிர் வந்து ஏறி ல் மேலிருந்த புள்ளி போய்விடும். கோப்பில் ‘நேரியல்’ என்று தேடினால் அந்த இடம் சிக்காது. மின்னூலில் இது பெரிய இழப்பு. ஆனால் இதற்கு ஹைபன் தேவையில்லை, இடைவெளியே போதும்.
ஹைபன் கட்டாயம் வேண்டிய இடம் என்றால் n, m, x போன்ற மாறிகளின் பெயர்தான். ‘என் பரிமாண வெளி’ என்று விட்டு எழுதினால் என்னுடைய வெளி ஆகிவிடும். ‘எம் ஆவது உறுப்பு’ என்பதிலும் அதே கதை. ‘என்-பரிமாண வெளி’, ‘எம்-ஆவது உறுப்பு’, ‘எக்ஸ்-அச்சு’ என்றே எழுத வேண்டும்.
அந்தக் கோட்டையும் பார்த்துப் போடுங்கள். கணித நூல்களை அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கில், கணிதப் பகுதியை அடைக்கும் டாலர் குறிக்குள் ஹைபன் அடித்தால் அது கழித்தல் குறியாக நீண்டுவிடும். மாறியை மட்டும் உள்ளே வைத்து, ஹைபனை வெளியே வையுங்கள். சாதாரண ஹைபனில் வரி உடையும் என்பதால் மாறி ஒரு வரிக் கடைசியிலும் ‘பரிமாண’ அடுத்த வரியிலும் போய் நிற்கும். யூனிகோட் 2011 உடையாத ஹைபன். அது உங்கள் எழுத்துருவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேறு எழுத்துருவிலிருந்து வந்து தடிப்பு மாறித் தெரியும்.

வல்லொற்று:
மாறிகளுக்கு ஒப்புக்கொள்கிறேன். அங்கே சந்தியும் இல்லை, மாற்று வழியும் இல்லை.

நிரைநிரல்:
ஆள் பெயர்களுக்கு? கோஷி-ரீமன் இரண்டு பேர், லெவி-சிவிட்டா ஒரே ஆள். இரண்டுக்கும் ஒரே கோடு போடுகிறோம்.

பக்கவடிவமைப்பு:
ஆங்கில அச்சில் இருவர் பெயருக்கு நடுவில் சற்று நீண்ட கோடு போடுவதுண்டு. நாம் ‘கோஷி, ரீமன் சமன்பாடுகள்’ என்று காற்புள்ளி வைத்தால் போதும். ஒருவரின் இரட்டைப் பெயருக்கு மட்டும் ஹைபன்.

நிரைநிரல்:
அது சரி. ஆனால் ‘இரண்டாம்-வரிசை’யை விடுவதாக இல்லை. பயிற்சிக் கணக்கில் நாற்பது முறை வரும் தொடரை ஒவ்வொரு முறையும் ‘வரிசை 2 உடைய’ என்று யார் எழுதுவார்கள்?

வல்லொற்று:
அத்தியாயத் தொடக்கத்தில் ஒருமுறை வரையறுத்துவிட்டு ‘இரண்டாம் வரிசைச் சமன்பாடு’ என்று எழுதுங்கள். சகரத்துக்கு முன் ஒற்று தானாக வந்து நிற்கும்.