புதுப்பிப்பு: டிஜே வேலைக்கான ஸ்பீக்கர், முடிவெடுத்துவிட்டேன்

ஊர் ஊராகப் போய்ச் செய்யும் டிஜே வேலைக்கு 15 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு போதுமா, 12 அங்குலம் இரண்டுடன் 18 அங்குல சப்வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டாவதையே வாங்கினேன். மூன்று நிகழ்ச்சிகள் முடிந்துவிட்டன.

100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைச் சப்வூஃபரிடம் ஒப்படைத்ததும் 12 அங்குல ஸ்பீக்கர்களின் திணறல் நின்றது; பாடல் வரிகள் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்கின்றன. முதல் நாள் மட்டும் பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்திருந்தது. ஒரு மணி நேரம் தவித்தபின், சப்வூஃபரின் பின்புறமிருந்த போலாரிட்டி பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) மாற்றினேன். அதிர்வு அப்படியே நெஞ்சில் இறங்கியது!

வாட் எண்ணிக்கையில் மயங்காதே என்றவர்களுக்கு நன்றி. வாட் இரட்டிப்பானால் கூடும் ஒலியளவு 3 டெசிபல்தான். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் குறைவதோ 6 டெசிபல்.

சப்வூஃபர் நல்ல கனம். அடுத்து அதற்குச் சக்கரம் பொருத்தப்போகிறேன்.