பட்டா நிலத்தில் வெட்டிய மரங்கள்: விறகாக விற்பதா, கரியாக்குவதா, அறுவைக்குக் கொடுப்பதா?

கேள்வி: மானாவாரி

இளையான்குடி வட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. நெடுங்காலம் தரிசாகக் கிடந்ததால் சீமைக் கருவேல் மண்டிப் போய்விட்டது. இந்தக் கோடையில் ஆள் வைத்து முக்கால்வாசியை வெட்டிப் போட்டிருக்கிறோம். தூர்கள் மட்டும் இன்னும் மண்ணில்தான் இருக்கின்றன. இதற்கிடையே ஒரு காற்றில் கிணற்றடியில் நின்ற பழைய வாகை ஒன்றும் வேம்புகள் இரண்டும் வேரோடு சாய்ந்துவிட்டன. வரப்போரத்தில் பட்டுப்போய் நின்ற புளியையும் வெட்டியாகிவிட்டது.

வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அனைத்துக்கும் சேர்த்து ஒரே தொகை பேசுகிறார். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் தம்முடையது என்றும், எல்லையில் நிற்கும் பனைகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் கூட்டித் தருவதாகவும் சொல்கிறார். அலைச்சல் இல்லை என்பதால் வீட்டில் பெரியவர்கள் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். நான்தான் தயங்குகிறேன். விறகாக எடைக்கு விற்பது, அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டுக் கரியாக்குவது, அறுவை மில்லுக்குக் கொடுப்பது ஆகியவற்றுள் எது கட்டுப்படியாகும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் கணக்கோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: முதுகுளத்தூர் கரி

ஐயா, ஒரே தொகைக்குக் கொடுப்பதில் நஷ்டம் சீமைக் கருவேலில் வருவதைவிட வாகையிலும் வேம்பிலும்தான் அதிகம் வரும். அவற்றைப் பற்றி மில்காரர்கள் சொல்லட்டும். நான் கருவேலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் விறகுக் கணக்கு. செங்கல் சூளை, சாய ஆலைக் கொதிகலன், உயிர்ம எரிபொருள் மின் நிலையம் எதுவானாலும் எடை மேடைச் சீட்டைப் பார்த்து டன் கணக்கில்தான் வாங்குவார்கள். பச்சை விறகில் 40 சதவீதம் ஈரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு டன்னில் உண்மையான மரம் 600 கிலோதான். அதையே ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவிட்டால் எடை 750 கிலோ நிற்கும். ஆகவே காய்ந்த விறகின் டன் விலை பச்சை விறகின் விலையைப்போல் ஒன்றே கால் மடங்குக்கும் மேலே, ஏறத்தாழ 1.33 மடங்கு இருந்தால்தான் நீங்கள் போட்ட முதல் அப்படியே திரும்பும். காய வைத்த உழைப்புக்கும் காத்திருந்த காலத்துக்கும் கூலி வேண்டுமென்றால் அதற்கும் மேலே கிடைக்க வேண்டும். சூளைக்காரர்கள் பலரும் பச்சைக்கும் காய்ந்ததற்கும் அவ்வளவு வித்தியாசம் கொடுப்பதில்லை. ஓட்டல், பேக்கரி, கல்யாண மண்டபச் சமையல்காரர்கள் கொடுப்பார்கள், ஏனென்றால் புகை அவர்கள் கண்ணில்தான் எரிகிறது. எனவே சூளைக்கு என்றால் வெட்டிய சூட்டோடு அனுப்பிவிடுங்கள். அடுப்புக்கு என்றால் பிளந்து, தரையில் படாமல் அடுக்கிக் காயவிட்டு அனுப்புங்கள். இரண்டு பிளவுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும், வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து நட்சத்திரம்போல வெடிப்பு விட்டிருக்க வேண்டும். 'பொத்' என்று கேட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அடுத்தது கரி. ஈரமண் பூசிப் போடும் எங்கள் பழைய மூட்டத்தில் ஒரு டன் கரிக்கு நாலிலிருந்து ஐந்து டன் விறகு பிடிக்கும். கைப்பழக்கம் இல்லாதவர் போட்டால் ஆறும் ஆகும். ஆகவே உங்கள் ஊரில் விறகு விலை எவ்வளவோ அதை ஐந்தால் பெருக்குங்கள். அதோடு அடுக்கு கூலி, தழை, வைக்கோல், தண்ணீர், சாக்கு, காவல் எல்லாவற்றையும் கூட்டி, வரும் தொகை கரி விலைக்குக் கீழே நின்றால் மட்டும் இறங்குங்கள். இதில் காவலைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. தொடக்கத்தில் வெள்ளையாக, கெட்டியாக வரும் புகை நீராவி. அது மெல்ல மெல்ல நீலம் பாய்ந்து இளகும்போதுதான் உள்ளே மரம் கரியாகி முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து மூட்டத்தின் கண்களை, அதாவது காற்றுத் துளைகளை, எல்லாம் அடைத்து ஆறவிட வேண்டும். நடுராத்திரியில் ஓரிடத்தில் மண் உள்வாங்கிக் காற்றுப் புகுந்துவிட்டால், விடியும்போது அந்தப் பக்கம் சாம்பல்தான் இருக்கும். அதனால் முதன்முறை செய்பவர் தாமே மூட்டம் போடாமல், மூட்டம் போடுபவரிடம் விறகைக் கொடுத்துக் கரியில் பங்கு பேசிக்கொள்வது நல்லது.

முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். தூர்களை மண்ணில் விட்டுவிட்டு மேல்மரத்தை மட்டும் கொடுப்பதாக இருந்தால், கரிக்கு ஆகும் நல்ல பாகத்தை விட்டுவிட்டுக் கொடுப்பதாகத்தான் பொருள். தூர்க்கரி கனமானது, நின்று எரிவது, குச்சிக்கரியைவிட விலை போவது. அதோடு, தரைமட்டத்தில் அறுத்துவிட்ட சீமைக் கருவேல் மழை கண்டதும் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே ஓரடி வரை தோண்டித் தூரை எடுத்தால்தான் அடங்கும். தூர் எடுக்க ஆகும் பொக்லைன் வாடகையை, முழுவதும் இல்லாவிட்டாலும் பெரும்பகுதியை, தூர்க்கரியே கொடுத்துவிடும்.

மறுமொழி: அறுவை மில், காரைக்குடி

முந்தைய நண்பர் எழுதியதை ஆமோதிக்கிறேன். வாகையையும் வேம்பையும் தயவுசெய்து விறகு எடையில் ஏற்றிவிடாதீர்கள். வெட்டுபவர்கள் லாரித் தொட்டிக்கு வசதியாக எல்லாவற்றையும் மூன்றடித் துண்டாகப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்ட பிறகு எந்த மில்லும் அதை மரம் என்று மதிக்காது. அடிமரத்தில் கவை பிரியும் இடம் வரை நேராக இருக்கும் பாகத்தை முழு நீளத்தில் விட்டுவிட்டு, கிளைகளை மட்டும் கழித்து விறகில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வேம்பு கதவு, சன்னல், நிலை, அலமாரி எல்லாவற்றுக்கும் ஆகும். அதன் வைரம் பாய்ந்த உள்மரத்தைக் கரையான் எளிதில் தொடாது. பழைய வாகைக்கு இன்றைக்கு மரச்செக்குக்காரர்களிடம் நல்ல கேட்பு இருக்கிறது. அவர்கள் பார்ப்பது நீளத்தை அல்ல, பருமனையும் நடுவில் பொந்து இல்லாமையையும்தான். எனவே முதலில் செக்குப் பட்டறைக்காரர் ஒருவருக்குக் காட்டிவிட்டு, அவர் ஒதுக்கினால் மட்டும் பலகைக்கு அறுங்கள். (வாகையை அறுக்கும் நாளில் எங்கள் மில்லில் தும்மாத ஆள் கிடையாது, அந்தத் தூள் அப்படி.)

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான். உருண்டை மரத்துக்கு நடுச்சுற்றளவை எடுத்து, நான்கால் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவோம். நான்கடிச் சுற்றளவும் எட்டடி நீளமும் உள்ள தடிக்கு இந்தக் கணக்கில் 8 கன அடி வரும். உண்மையில் அந்தத் தடியில் 10 கன அடிக்குச் சற்று மேலேயே மரம் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது, அறுக்கும்போது போகும் சிராய்க்கும் தூளுக்குமாக இந்தக் கணக்கிலேயே விட்டுக்கொடுத்துவிட்டதாகும். ஆகையால் 8 கன அடி என்று எழுதிய பிறகும், "அறுவைக் கழிவு" என்று வியாபாரி மறுபடியும் ஒரு பங்கைக் குறைத்தால், ஒரே கழிவை இரண்டு முறை கழிக்கிறார் என்று பொருள். பட்டைக்கும் பொந்துக்கும் கழிப்பது நியாயம், மற்றதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

விலை படியும்வரை தடிகளை வெயிலில் போட்டு வைக்க வேண்டாம். இரு முனைகளிலும் மிச்சம் கிடக்கும் பெயின்ட்டையோ மெழுகையோ கெட்டியாகப் பூசி, குறுக்குக் கட்டைகள்மேல் தூக்கி நிழலில் வையுங்கள். முனை வெடித்தால் இரு பக்கமும் அடிக் கணக்கில் மரம் போய்விடும்.

மறுமொழி: ஓய்வு பெற்ற வருவாய்த்துறை

இருவரும் வரவைச் சொன்னார்கள். நான் வில்லங்கத்தைச் சொல்கிறேன். பனையை அந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். 2021ஆம் ஆண்டு தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்துவிட்டார்கள். கூட்டிக் கொடுக்கும் காசு வியாபாரிக்கு ஆதாயமாக இருக்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் பட்டாதாரர்.

சீமைக் கருவேலைப் பட்டா நிலத்தில் வெட்டத் தடை கிடையாது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் தென்மாவட்டங்களில் அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்ட காலத்தில் ஊரெல்லாம் இதுதான் பேச்சாக இருந்தது நினைவிருக்கும். ஆனால் உங்கள் நிலம் கண்மாயை ஒட்டியதாக இருந்தால் புலப்படத்தை வைத்து எல்லையை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்குள் நிற்கும் மரங்கள் அரசுக்கு உரியவை. அவற்றுள் சமூகக் காடு வளர்ப்பில் நட்ட நாட்டுக் கருவேல்களை வனத்துறை ஏலத்தில் விடுகிறது. வெட்டும் ஆட்களுக்கு எல்லைக்கல் தெரியாது. தேக்கு, சந்தனம், ஈட்டி ஆகியவை ஒரு கன்று நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். வண்டி புறப்படும்போது சிட்டா, அடங்கல் நகல்களையும் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய சான்றையும் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினால் வழியில் நிறுத்திக் கேட்பவர்களுக்குக் காட்டலாம்.

மானாவாரி:

மூவருக்கும் நன்றி. வியாபாரியிடம் பனையும் வாகையும் வேம்பும் இல்லை என்று சொல்லிவிட்டேன். தொகையைக் குறைத்தாலும் பேச்சை முறிக்கவில்லை. புளியை அவர் இலவசமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார், உள்ளே பொந்து என்கிறார். பொந்து இருப்பது உண்மைதான். அடியிலிருந்து ஆள் உயரம் வரை கை நுழைகிறது.

மறுமொழி: அறுவை மில், காரைக்குடி

பொந்துப் புளியை மில்லில் யாரும் அறுக்க மாட்டார்கள். கெட்டிப் புளியே இரம்பப் பல்லைத் தின்றுவிடும். ஆனால் இலவசமாகக் கொடுப்பதற்கும் காரணம் இல்லை. பொந்து முடிந்து வைரம் கெட்டியாகத் தொடங்கும் இடத்திலிருந்து மேலே, ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு வட்டமாக உருண்டைகள் போடச் சொல்லுங்கள். கறிக்கடைக்காரர்கள் இறைச்சி வெட்டப் புளிய முட்டியைத்தான் கேட்பார்கள். அதைக் கத்தி எளிதில் சிராய் எடுக்காது என்பதால் அவர்களுக்கு வேறு மரம் பிடிக்காது. பச்சையாக விற்றால் வெடித்துவிட்டது என்று திரும்பக் கொண்டுவருவார்கள். உங்களுடையது பட்டுப்போய் நின்ற மரம் என்பதால் ஈரம் பாதி போயிருக்கும், மீதிக்கு நிழலில் மணல் மூடி ஆறவிடுங்கள். பொந்துப் பாகமும் கிளைகளும் சூளைக்குப் போகட்டும். புளிய விறகின் சூடு சூளைக்காரருக்குத் தெரியும், கருவேலோடு கலக்காமல் தனி நடையாக ஏற்றித் தனி விலை கேளுங்கள்.

மறுமொழி: முதுகுளத்தூர் கரி

ஒன்று விட்டுப்போயிற்று. வெறும் வண்டியின் எடையை ஏற்றுவதற்கு முன்பே, நீங்கள் கூட இருந்து, வியாபாரி சொல்லும் எடை மேடையில் அல்லாமல் உங்களுக்குத் தெரிந்த மேடையில் போடச் சொல்லுங்கள். தூர் ஏற்றும் நடைகளில் மட்டும் ஒட்டியிருக்கும் மண்ணுக்காக அவர் கொஞ்சம் கழிக்கக் கேட்பார், அது நியாயம்தான். பொக்லைன் தோண்டிய பிறகு ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் மண் தானே உதிர்ந்துவிடும், கழிவும் குறையும்.