மலையகப் பழைய படங்கள்: பிழை திருத்த உதவி தேவை

வணக்கம். நூலகத்தின் இணையப் படத்தொகுப்பில் உள்ள இலங்கை மலையகப் படங்களுக்குக் கருத்து எழுத ஆட்கள் தேவை. 'அருமையான படம்' என்றால் பயனில்லை. படத்தின் எண், பிழை, அதற்கான சான்று மூன்றும் வேண்டும்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். ரயில் நானுஓயாவுக்கு வந்தது 1885இல், பதுளைக்கு 1924இல். பதுளை ஸ்டேஷனில் ரயில் நிற்கும் படத்துக்கு 1910 என்றிருந்தால் தவறு. கண்ணாடி நெகட்டிவைப் புரட்டி ஸ்கேன் செய்திருந்தால் படத்தில் இடப்பக்கம் வலப்பக்கமாகிவிடும். பெயர்ப்பலகை எழுத்து காட்டிக்கொடுக்கும்.

தேடும்போது ஒரே ஊரின் பெயரை அட்டன், ஹட்டன் என்று இரண்டு விதமாகவும் போடுங்கள். தோட்டங்களுக்கு நம்மவர் வைத்த பெயர்கள்தான் பெரிய சிக்கல், தலைப்புகளில் அவை இருப்பது அரிது. தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு), எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) என்று பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே எழுதி அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வேண்டாம், எண் வெட்டுப்பட்டுவிடும்.