மேல்மாடி முடிவாகாமல் அத்திவாரம் வெட்டலாமா?

உப்புவெளி வாசகன்:
திருகோணமலையில் கடற்கரையை அண்டியுள்ள எங்கள் சனசமூக நிலையத்திற்குக் கீழே கூட்ட மண்டபமும் மேலே நூலகமுமாகப் புதிய கட்டடம் எழுப்பத் தீர்மானித்துள்ளோம். மாரி மழைக்கு முன் அத்திவாரத்தைப் போட்டுவிடலாம், மேல்மாடியைப் பணம் சேர்ந்தபின் யோசிக்கலாம் என்று நிர்வாக சபையில் பலர் கூறுகின்றனர். முழு வரைபடத்துக்காகக் காத்திருப்பது வீண் தாமதமா? அனுபவமுள்ளோர் கூறுங்கள்.

கட்டடப் பொறியியலாளர்:
தயவுசெய்து காத்திருங்கள், ஐயா. மேல்மாடி வேலையைப் பிற்போடலாம். அதன் வடிவமைப்பைப் பிற்போட முடியாது. அத்திவாரத்தின் அகலத்தையும் ஆழத்தையும் தீர்மானிப்பவை மண்ணின் தன்மையும் மேலே வரப்போகும் சுமையுமே. புத்தக அலுமாரிகள் நிரம்பிய தளத்தின் பாரம் வீட்டு அறையின் பாரத்தைவிடப் பல மடங்கு அதிகம். சிட்னி ஒப்பெரா மாளிகையின் வேலை 1959இல் தொடங்கியபோது, கூரையை எப்படிக் கட்டுவதென்பது முடிவாகியிருக்கவில்லை. அரசின் அவசரத்தால் அடித்தளம் முந்திக்கொண்டது. கூரைக்கான தீர்வு 1961இல் கிடைத்தபோது, ஏற்கெனவே எழுப்பிய தூண்கள் அந்தப் பாரத்தைத் தாங்காதெனக் கண்டு அவற்றைத் திரும்பவும் கட்ட நேர்ந்தது. 70 இலட்சம் அவுஸ்திரேலிய டொலராக மதிப்பிடப்பட்ட கட்டடம் 1973இல் திறக்கப்பட்டபோது செலவு 10 கோடியே 20 இலட்சத்தை எட்டியிருந்தது. இந்த அவசரம் மட்டுமே காரணமன்று என்றாலும், அதன் பங்கு சிறிதன்று.

கிண்ணியா ஓவசியர்:
பொறியியலாளர் சொல்வதே சரி. முழுவதையும் வடிவமைத்துவிட்டு, கட்டுவதைக் கட்டங்களாகப் பிரியுங்கள். கீழ்த்தளத்தோடு நிறுத்துவதானால், தூண்களின் மேல்முனையில் பின்னர் இணைப்பதற்கான கம்பிகளை விடவேண்டும். நம் கடற்காற்றில் அவற்றை வெறுமனே விட்டால் துருவேறி மெலிந்துவிடும். மெல்லிய கொங்கிறீட்டால் மூடிவைத்தால், வேலை தொடங்கும்போது உடைத்தெடுக்கலாம். இந்த மாரியையும் வீணென்று எண்ணாதீர்கள். காணியில் இரண்டு மூன்று குழிகள் வெட்டி, பாதுகாப்பாக வேலியடைத்து, நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறதென்றும், மழைவெள்ளம் எங்கே தேங்குகிறதென்றும் குறித்துவையுங்கள். நில மட்டத்தை எவ்வளவு உயர்த்தவேண்டுமென்பதை கோடையில் எவராலும் சரியாகச் சொல்ல இயலாது.

நூலகப் பணியாளர்:
படிக்கட்டு எங்கே வரும் என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். பின்னர் வெளிச்சுவரோடு ஒட்டவைக்கும் படியில், மழைநாளில் புத்தகக் கட்டுகளையும் முதியவர்களையும் மேலேற்றுவது பெரும்பாடு. ஆனால் ஒன்றில் உங்கள் சபையினரின் அச்சம் நியாயமானது: முடிவுத் திகதி இல்லாத திட்டமிடல் இழுபட்டுக்கொண்டே போகும். ஆகவே வரைபடமும் செலவு மதிப்பீடும் தை மாதத்துக்குள் கைக்கு வரவேண்டுமென்று எழுத்தில் உடன்படுங்கள்; மழை விட்டதும் அத்திவாரம் வெட்டத் தொடங்கலாம்.