தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஒற்றை கியர் சைக்கிள்: தாங்குமா?

லயத்துவாசல் (சுங்கை சிப்புட்):
வணக்கம். லயத்திலிருந்து டவுனுக்கு ஒரு வழி 7 கிலோமீட்டர். முதல் 2 கிலோமீட்டர் செம்பனைக்குள்ளே செம்மண் பாதை, மீதி தார் ரோடு. நடுவில் ஓர் ஏற்றம், 400 மீட்டர் இருக்கும், மோட்டோவே கியர் குறைத்துத்தான் ஏறும். கடையில் ஒற்றை கியர் காட்டுகிறார்கள்: முன்பல் 44, பின்பல் 16, டயர் 700க்கு 28. வாரத்துக்கு 6 நாள், மழையிலும் ஓட்டணும். வீட்டில் பழைய ஸ்டீல் மவுண்டன் பைக் ஒன்று கிடக்கு, அதையே ஒற்றை கியராக மாற்றினால் தேறுமா? கூட்டாளி ஒருத்தன் “ஃபிக்ஸ் போடு (சக்கரம் சுற்றும்வரை மிதியும் கூடவே சுற்றும் வகை), பிரேக்கே வேண்டாம்” என்கிறான். விஷயம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

செம்மண் சக்கரம்:
தம்பி, முதலில் பல் கணக்கைப் பாருங்க. 44ஐ 16ஆல் வகுத்தால் 2.75. அந்த டயரின் சுற்றளவு 2.13 மீட்டருக்குக் கொஞ்சம் கூட, அதனால் ஒரு மிதிச் சுற்றுக்கு சைக்கிள் சுமார் 5.9 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 28 கிலோமீட்டர். சமதரையில் ஜோர். அதே பல்லோடு ஏற்றத்தில் 10 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கினால் நிமிடத்துக்கு 28 சுற்றுதான் வரும். அது மிதிப்பது இல்லை, பெடல் மேல் ஏறி நிற்பது. முழங்கால் முன்பக்கம் வலிக்க ஆரம்பிப்பது இப்படித்தான்.

பின்பல் 18, முன்பல் 42 போடுங்க. ஒரு சுற்றுக்கு 5 மீட்டர். மிதிக்க வேண்டிய விசை 15 விழுக்காடு குறையும், தார் ரோட்டில் 24 வரும். இறக்கத்தில் கால் சும்மா சுற்றும், அதுதான் நஷ்டம். கடையில் சமதரையில் உருட்டிப் பார்த்து எடுக்கும் ஆள் எல்லாம் பெரிய பல்லைத்தான் எடுப்பான், ஏற்றம் கடையில் இல்லையே. ஃப்ரீவீல், அதாவது மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுழல விடும் பின்பல், அதை மாற்றச் சொன்னால் பத்து நிமிட வேலை. ஆனால் மரையில் கிரீஸ் தடவச் சொல்லுங்க. மிதிக்க மிதிக்க அது தானே இறுகும் சாமான், கிரீஸ் இல்லாமல் ஏறியதை ஒரு வருஷம் கழித்துக் கழற்ற வைஸும் நீளக் குழாயும் தேவைப்படும்.

28 மி.மீ. அகல டயர் செம்மண்ணுக்குப் பத்தாது. பிரேமிலும் ஃபோர்க்கிலும் இடம் இருந்தால் 35.

இரும்புக்கழுதை:
நான் ஒத்துப்போக மாட்டேன். தினமும் அப்படி ஓர் ஏற்றம் என்றால் ஒற்றை கியர் எதுக்கு? ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுக்குடம்) மூன்று கியர் உள்ள பின்சக்கரம் தேடுங்க. ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. ஹப்பில் சின்ன கியர் நடுக் கியரைவிட 25 விழுக்காடு இலகு, பெரிய கியர் 33 விழுக்காடு கூட. வெளியில் சேறு பிடிக்க டிரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கருவி) இல்லை, செயின் ஒற்றை கியர் மாதிரியே நேராக ஓடும். எடை ஒரு கிலோ அளவுக்கு ஏறும். கேபிள் தளர்ந்தால் நடுக் கியருக்கும் பெரிய கியருக்கும் இடையில் பிடிப்பு விட்டு, மிதி வெறுமையாகப் போகும், அந்த நேரம் நின்று மிதித்தால் விழுவீங்க. கேபிளை மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஆனால் வெளிக் கியர் சைக்கிள் வேண்டாம் என்பதில் தகராறு இல்லை. செம்மண் ஈரமாக இருக்கும்போது செயின் எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். அது முதலில் தின்பது டிரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களை.

பல்சக்கரம்:
பழைய மவுண்டன் பைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பின்சக்கர அச்சு உட்காரும் வெட்டைப் பாருங்க. வெட்டு முன்பின்னாகச் சாய்ந்து நீளமாக இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்து செயினை இறுக்கலாம், அந்த பிரேம் தேறும். நேராக மேலே ஏறும் வெட்டு என்றால் செயினை இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் வேண்டும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு அதே மாதிரி இன்னொன்றை மாட்டுவது, எனக்குப் பிடிக்காது.

முன்னால் மூன்று பல்லில் நடுவில் உள்ளது 38 ஆக இருந்தால், அதை வைத்துக்கொண்டு பின்னால் 18 போடுங்க. 26 அங்குலச் சக்கரத்தில் ஒரு சுற்றுக்கு 4.3 மீட்டர், 80 சுற்றில் 21 கிலோமீட்டர் வேகம். ஏற்றத்தில் 10க்கு இறங்கினாலும் 38 சுற்று இருக்கும்.

பலரும் கோட்டை விடுவது செயின் நேர்க்கோட்டில்தான். முன்னால், சீட் குழாயின் நடுவிலிருந்து பல்லின் நடுவுக்கு அளங்க. பின்னால், பிரேமின் உள்முகத்திலிருந்து பின்பல்லின் நடுவுக்கு அளந்து, ஹப் அகலத்தின் பாதியிலிருந்து கழியுங்க. ஹப் 135 மி.மீ. என்றால் பாதி 67.5. உள்முகத்திலிருந்து 20 வந்தால் பின்கோடு 47.5. இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்கட்டும். கேசட் வகை ஹப் (பல்லும் வளையங்களும் மரையில்லாமல் நழுவி ஏறும் வகை) என்றால் வளையங்களை இடம் மாற்றி நேராக்கலாம். மரையில் ஏறும் ஃப்ரீவீல் வகை என்றால் அச்சு வளையங்களை மாற்றி, சக்கரத்தையும் மறுபடி நடுவுக்குக் கொண்டுவர ஸ்போக் இழுக்கணும், அது கடைக்காரர் வேலை.

கியர் மாற வசதியாகப் பக்கவாட்டில் சரிவு வெட்டிய பல் செயினை எளிதில் கழற்றிவிடும். வெட்டு இல்லாத பல் கிடைத்தால் மாற்றிவிடுங்க.

‘ஃபிக்ஸ்’ பற்றி: சாதாரண ஃப்ரீவீல் மரையில் ஃபிக்ஸ் பல்லை ஏற்றவே கூடாது. பின்னோக்கி அழுத்தினால் பல் கழன்றுவரும். அதற்கென்றே உள்ள ஹப்பில் இடது மரையில் ஒரு பூட்டுவளையம் இருக்கும். பிரேக் இல்லாமல் ஓட்டச் சொல்கிற கூட்டாளியைச் செம்பனைக் குலை லோரிக்கு முன்னால் ஒரு தடவை நிறுத்திக் காட்டச் சொல்லுங்க. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, இரண்டு பிரேக்கும் வேண்டும்.

லயத்துவாசல்:
நன்றி அண்ணே. பழையதில் வெட்டு நீளம்தான், மாற்றிப் பார்க்கிறேன். செயின் எவ்வளவு இறுகணும்? பாதையில் மட்டை முள் குத்தினால் பின்சக்கரம் கழற்றுவது கஷ்டமா?

செம்மண் சக்கரம்:
செயினின் நடுவில் விரலால் தூக்கினால் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை வரை ஆடலாம். அதை ஒரே இடத்தில் பார்த்து விட்டுவிடாதீங்க. முன்பல் எதுவும் முழு வட்டம் இல்லை, கிராங்கை (மிதிக்கட்டைக் கை) மெதுவாகச் சுற்றி எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே அளங்க. தாளம் போட்டு முனகினால் அதிக இறுக்கம், பேரிங் போகும். தொங்கினால் பள்ளத்தில் கழன்று விழும்.

முள்ளுக்கு: பின்சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டலாம். டயரை ஒரு பக்கம் மட்டும் விளிம்பிலிருந்து எடுத்து, டியூபை அந்த இடத்தில் வெளியே இழுத்து, முள்ளைப் பிடுங்கி, தேய்த்து, ஒட்டுங்க. டியூபைத் திருப்பி வைக்கும் முன் டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்க. மட்டை முள்ளின் நுனி உள்ளேயே முறிந்து நிற்கும், அடுத்த வளைவில் அதே இடத்தில் இன்னொரு ஓட்டை.

கழற்றியே ஆகவேண்டும் என்றால் 15 ஸ்பேனர் பையில் இருக்கட்டும். மாட்டும்போது செயின் பக்கத்து நட்டை லேசாக இறுக்கி, டயரை பிரேமுக்கு நடுவில் தள்ளிப் பிடித்து, இடது நட்டை இறுக்கி, பிறகு வலது நட்டை முழுசாக இறுக்குங்க. வலது நட்டு இளகி இருந்தால் ஏற்றத்தில் மிதிக்கும்போது செயின் சக்கரத்தை முன்னால் இழுத்து, டயர் இடது பக்க பிரேமில் உரசும். சக்கரம் பின்னால் நகர்ந்த ஒவ்வொரு தடவையும் பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுதா பாருங்க, மேலே ஏறி டயரைத் தொட்டால் ஒரே இறக்கத்தில் டயர் பிய்ந்துவிடும்.

இரும்புக்கழுதை:
மோட்டோவிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை மட்டும் செயினில் ஊற்றாதீங்க, தோட்டத்தில் எல்லாரும் செய்யும் வேலை அது. அதில் இரும்புத் தூள் இருக்கு. மழை நாளில் வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, அரை மணி கழித்து வெளிப்பக்க எண்ணெயைத் துடைத்து எடுங்க. இரும்பு ஸ்கேலில் 12 அங்குலம் அளந்து பாருங்க, புதுச் செயினில் ஆணி சரியாக 12 கோட்டில் நிற்கும். கோட்டைத் தாண்டி எட்டில் ஒரு அங்குலம் போயிருந்தால் செயினை மாற்றுங்க, பின்பல்லையும் கூடவே. பழைய பல் புதுச் செயினை ஏற்காது, அழுத்தி மிதித்தால் வழுக்கும்.