கலைச்சொல்: சைக்கோட்ரோபிக் – ‘மனநோய் மருந்து’ வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

மனத்தின் மேல் வேலை செய்கிற மருந்துகளைச் சைக்கோட்ரோபிக் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> சைக்கோட்ரோபிக் என்பதற்கு ‘மனநோய் மருந்து’ போதும். எல்லோருக்கும் புரியும்.

புரிகிற விதம்தான் சிக்கல். போன மாதம் என் பெரியம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். வயது 78. சேர்க்கும்போது செவிலியர் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்: “மனநோய்க்கு மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களாம்மா?” பெரியம்மாவுக்குச் சுருக்கென்றது. “எனக்கென்ன பைத்தியமா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ‘இல்லை’ என்று எழுதியாயிற்று. அவருடைய மஞ்சப்பையில், விபூதிப் பொட்டலத்துக்குக் கீழே, பாதி தீர்ந்த டயசிபாம் (படபடப்பைத் தணிக்கிற, தூக்கம் தருகிற மாத்திரை) அட்டை இருந்தது. அவருக்கு அது ‘நரம்பு மாத்திரை’. பெரியப்பா போனதிலிருந்து தினம் ராத்திரி ஒன்று.

வயதான உடம்பிலிருந்து டயசிபாம் லேசில் வெளியேறாது, நாள்கணக்கில் தங்கும். தள்ளாட்டம், குழப்பம், கீழே விழுவது எல்லாம் அதனால் வரலாம். முதியோருக்குத் தவிர்க்க வேண்டியவை என்று 1991இல் வந்த பீர்ஸ் பட்டியலிலேயே அது உண்டு. பல காலம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. ஆக, படிவத்தில் ஒரு சொல் தப்பினால் நோயாளிக்கு இரண்டு பக்கமும் இடி.

‘மனவினை மருந்து’ என்றால் நம் ஊரில் செய்வினைதான் நினைவுக்கு வரும். ‘உளவியங்கு மருந்து’ உளவுத்துறை போல ஒலிக்கிறது. நான் சொல்வது ‘உளமருந்து’. கண்மருந்து என்பதைப் போல வேலை செய்யும் இடத்தைச் சொல்கிறது, நோயின் பெயரை ஆள்மேல் ஒட்டுவதில்லை. தூக்க மாத்திரை, படபடப்புக்கும் மனச்சோர்வுக்கும் தருபவை, கடுமையான மனநோய்க்குத் தருகிற ஹாலோபெரிடால் எல்லாம் இதில் அடங்கும். படிவத்தில் மட்டும் பக்கத்திலேயே ‘தூக்கத்துக்கு, படபடப்புக்கு, நரம்புக்கு’ என்று எழுதிவிட வேண்டும்.

‘சைக்கலாஜிக்கல் டிஸ்ட்ரெஸ்’ என்பதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘உளத்துயரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். துயரம் இழப்போடு போகிற சொல். மன உளைச்சல் இருக்கிறதே! “கால் உளையுது” என்கிற அதே உளைச்சல். பெரியவர்கள் உடம்பிலிருந்துதான் மனசுக்கு வருவார்கள். “உடம்பெல்லாம் உளையுதுப்பா” என்று பெரியம்மா சொன்னபோது நான் காலைப் பிடித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெரியப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அப்புறம் ஒன்று. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் போர்வையில் இல்லாத நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார், என்னைத் தன் தம்பி என்றார். டெலிரியம் என்றார் மருத்துவர். நாலு நாளில் தெளிந்துவிட்டது. இதைச் ‘சித்தப்பிரமை’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வந்து தெளிகிற குழப்பத்துக்கு உங்கள் பக்கத்தில் என்ன சொல்வார்கள்?

அன்புடன்,
கடலூரிலிருந்து